முழுக்காசு எண்டா ரெண்டு மாசம், லீசிங் எண்டா நாளைக்கே: புது மோட்டார் சைக்கிளுக்கு எப்பிடிக் காசு கட்டினனீங்கள்?

குளக்கட்டான் (விசுவமடு)

எல்லாருக்கும் வணக்கம். என்ர பழைய பைக் இந்த மாரியோட சரி. எஞ்சின் ரெண்டு தரம் செய்தாச்சு. இனிச் செய்யிற காசுக்குப் புதுசுக்கு முற்பணம் கட்டலாம் எண்டு மெக்கானிக்கே சொல்லிப்போட்டான். நேற்று கிளிநொச்சியில ஒரு சோறூமில விலை கேட்டன். 6 லட்சத்து 85 ஆயிரம்.

என்னட்ட உள்ளது இதுதான். காலபோக நெல் வித்த காசு 3 லட்சத்து 20. பிரான்சில இருக்கிற அண்ணை ஒண்டரை லட்சம் போடுறன் எண்டவர். மிச்சம் 2 லட்சத்து 15க்கு மனிசியின்ர சங்கிலியை அடகு வைக்கிறதோ, அந்தத் துண்டுக்கு மட்டும் பைனான்ஸ் கொம்பனியில லீசிங் போடுறதோ எண்டு யோசினை.

சோறூமில நிண்ட பொடியன் முதல் கேட்டதே "எவ்வளவு முற்பணம் கட்டுவியள் அண்ணை?" எண்டுதான். முழுக்காசும் கட்டினா எண்டு நான் கேக்க அவன்ர முகம் ஒரு மாதிரிப் போச்சு. "முழுக்காசு எண்டா ரெண்டு மாசம் செல்லும், லீசிங் எண்டா நாளைக்கே எடுக்கலாம்" எண்டான். காசு வைச்சிருக்கிறவனுக்கு வண்டி இல்லை, கடன்படுறவனுக்கு இருக்கு. எனக்கு விளங்கேல்ல.

உவங்கள் என்னென்ன மாதிரிக் காசு எடுப்பாங்கள்? கைக்காசு, செக், பாங்கில போடுறது, கார்ட், எல்லாத்தையும் கலந்து கட்டலாமோ? அண்மையில வாங்கின ஆக்கள் சொல்லுங்கோ.

அக்கராயன்_பொடியன்

எல்லாம் எடுப்பாங்கள் அண்ணை. நான் போன வருசம் எடுக்கேக்க பாதி கைக்காசு, பாதி போனிலயே அனுப்பினனான். ஒரு பிரச்சினையும் இல்லை. ரெண்டுக்கும் ரெண்டு ரிசீற் தந்தவங்கள்.

நெத்தலி (முல்லைத்தீவு)

காசைக் கட்டாக் கொண்டு போய் மேசையில வையுங்கோ. ரெண்டு மாசம் எண்டவன் ரெண்டு நாளில தருவான். காசைக் கண்டா எல்லாம் நடக்கும்.

அக்கராயன்_பொடியன்

நெத்தலி அண்ணை, இது மீன் ஏலம் இல்லை 😀

நெத்தலி (முல்லைத்தீவு)

ரெண்டும் ஒண்டுதான் தம்பி. நிண்டு பார், விளங்கும்.

முன்னாள்_விற்பனை

இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லோணும் போல கிடக்கு. ஏ9 ரோட்டு ஓரமா ஒரு ஏஜென்ற் கடையில நாலு வருசம் வேலை செய்தனான். இப்ப விட்டிட்டன், அதால பயமில்லாமல் சொல்லலாம்.

முதல்ல ஒண்டை விளங்கிக் கொள்ளுங்கோ. நீங்கள் லீசிங்கில எடுத்தாலும் கடைக்கு அது கைக்காசுதான். பைனான்ஸ் கொம்பனி முழுத் தொகையையும் கடைக்கு ஒரே தரத்தில குடுத்திடும். மாசாமாசம் கட்டுறது நீங்கள், கடைக்கு அதில ஒரு கவலையும் இல்லை. அதுக்கு மேல பைனான்ஸ்காரர் ஆள் பிடிச்சுக் குடுத்ததுக்குக் கடைக்குக் கமிசன் குடுப்பினம். நான் நிண்ட கடையில விக்கிற பொடியனுக்கும் தனியா ஒரு தொகை வரும். லீசிங் வண்டிக்கு புல் இன்சூரன்ஸ் கட்டாயம், அதிலயும் ஒரு துளி சொட்டும். நீங்கள் முழுக்காசு கட்டினா இதொண்டும் இல்லை, வண்டியில உள்ள லாபம் மட்டும்தான். இனிச் சொல்லுங்கோ, அந்தப் பொடியன்ர முகம் ஏன் போச்சு?

இதில இன்னொரு பக்கமும் இருக்கு, நேர்மையாச் சொல்லோணும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, திரும்ப 2025 பெப்ரவரியிலதான் சொந்தப் பாவனை வாகனத்துக்கு வழி விட்டவை. அந்த அஞ்சு வருசத் தாகம் எல்லாருக்கும் கிடக்கு. ஆக்கள் கேக்கிற மொடல் கடைக்குக் கொஞ்சமாத்தான் வரும். வாற பத்தில எட்டை லீசிங் ஆக்களுக்கெண்டு ஒதுக்கிப்போட்டு, மிச்ச ரெண்டுக்கு முழுக்காசுக்காரரை வரிசையில விடுறது. அந்தப் பொடியன் சொன்ன ரெண்டு மாசம் முழுப்பொய்யும் இல்லை, ஆனா அந்த வரிசையை உண்டாக்கினதே கடைதான்.

செய்யவேண்டியது: அந்தக் கடையோட மல்லுக்கட்டாதேங்கோ. அதே மொடலுக்கு வவுனியாவிலயும் யாழ்ப்பாணத்திலயும் விலை கேளுங்கோ. ஏஜென்ற் கடை வேற, கொம்பனியின்ர சொந்தக் கிளை வேற. சொந்தக் கிளையில முழுக்காசுக்கு முகம் சுளிக்கிறது குறைவு. கொட்டேசனை எழுத்தில, திகதி போட்டு வாங்குங்கோ. வாயால சொன்ன விலைக்கு ஒரு கிழமைதான் ஆயுள்.

குளக்கட்டான்

அண்ணை, கண்ணைத் திறந்து விட்டீங்கள். நன்றி. இண்டைக்குத் திரும்பப் போய்க் கொட்டேசன் எழுதி வாங்கினன். எழுதித் தா எண்டவுடன வாயால சொல்லாத சாமான் எல்லாம் வெளியில வந்திட்டுது. 6,85,000க்குக் கீழ "ஆவணச் செலவு" எண்டு ஒரு 12,000. அது என்ன எண்டு கேட்டன். "எல்லாரும் கட்டுறது அண்ணை" எண்டான்.

லீசிங் கணக்கும் எழுதித் தந்தவன். 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கு 24 மாசம், மாசம் 12,400. "வட்டி 19தான், பாங்கை விட ரெண்டு மூண்டுதான் கூட" எண்டு சொன்னவன்.

கணக்கு_வாத்தி (மல்லாவி)

தம்பி குளக்கட்டான், அந்த 19ஐ நம்பவேண்டாம். கொப்பியையும் பேனையையும் எடும்.

12,400 × 24 = 2,97,600. நீர் எடுத்தது 2,15,000. வட்டி 82,600. அதை ரெண்டு வருசத்தால பிரிச்சு, எடுத்த தொகையோட ஒப்பிட்டால் 19 வீதம்தான் வரும். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுவதையும் சொல்லவும் இல்லை.

ஒவ்வொரு மாதத் தவணையிலும் கடன் முதலுக்கு 8,958 ரூபாய், வட்டிக்கு 3,442 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். முதல் மாதம் உம்மிடம் 2,15,000 கடன் இருக்கு, அதுக்கு 3,442 வட்டி. சரி. கடைசி மாதம் உம்மிடம் மிச்சம் இருக்கிற கடன் வெறும் 8,958. அதுக்கும் அதே 3,442 வட்டி! நீர் திருப்பிக் கட்டிக்கொண்டு வாற முதலுக்கும் கடைசி வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்குது. குறைஞ்சு போற மிச்சத்துக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இது வருசம் 33 வீதத்துக்குக் கிட்ட வரும்.

பாங்க்காரன் சொல்லுற வீதம் அநேகமாக குறையிற மிச்சத்துக்கு உள்ளது. 19ஐயும் அதையும் பக்கத்தில வைச்சு "ரெண்டு மூண்டுதான் கூட" என்கிறது மரக்காலையும் கிலோவையும் ஒப்பிடுகிற வேலை.

கேட்கவேண்டிய கேள்வி ஒண்டே ஒண்டு. "எல்லாம் கட்டி முடிக்கேக்க என்ர கையால மொத்தம் எவ்வளவு போகும்?" வீதத்தைக் கேட்கவே வேண்டாம்.

நெத்தலி (முல்லைத்தீவு)

வாத்தியார் எங்களுக்குப் படிப்பிச்சிருந்தா நானும் படிச்சிருப்பன்.

சுவிஸ்_தம்பி

அண்ணாமார், இங்க நாங்கள் கார்ட்டை ஒரு இழு இழுத்திட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாறது. அங்க ஏன் இவ்வளவு கஷ்டம்? பிரான்ஸ் அண்ணாவின்ர கார்ட் இலக்கத்தை சோறூமுக்குச் சொன்னால் அவங்கள் எடுக்க மாட்டாங்களோ? இல்லாட்டி பாங்கில்லாமல் கை மாத்தி அனுப்புற உண்டியல்ல போடச் சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலத்தில காசு வீட்டு வாசல்ல.

வவுனியாக்காரி

சுவிஸ் தம்பி, ரெண்டும் வேண்டாம். நான் பாங்கில வேலை செய்யிறனான், அதனால கொஞ்சம் நீளமாச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெளிநாட்டுக் காசு: அண்ணை குளக்கட்டான்ர சொந்தக் கணக்குக்குத்தான் போடோணும். சோறூமுக்கு நேர போடுறதும், கார்ட் இலக்கத்தைப் போனில சொல்லுறதும் வேலைக்கு ஆகாது. காசு ஒருத்தரின்ர, வண்டி இன்னொருத்தரின்ர எண்டு வரேக்க கடைக்காரனும் யோசிப்பான். பிறகு ஏதும் பிழைச்சாத் திருப்பி எடுக்கிறதும் கயிறு இழுக்கிற வேலை. உண்டியல் சட்டப்படி பிழை. பிடிபட்டா இஞ்ச வாங்கின ஆளும் மாட்டலாம். பாங்காலயோ காசு அனுப்புற கொம்பனியாலயோ வந்தா அது எங்கயிருந்து வந்தது எண்டதுக்குக் கடுதாசி இருக்கும்.

பாங் மாற்று: வேற பாங் கணக்கெண்டாலும் பாங்குகளை இணைக்கிற லங்காபே வழியா உடன போய்ச் சேரும். ஆனா உங்கட போன் அப்பில ஒரு நாளுக்கு இவ்வளவுதான் எண்டு எல்லை வைச்சிருப்பினம். மூண்டு லட்சத்தை அனுப்பப் போய் சோறூமில நிண்டு முழிக்காமல், முதல் நாளே பாங்கில சொல்லி எல்லையைக் கூட்டி வையுங்கோ. இல்லாட்டி கிளைக்கே போய்ப் போடுங்கோ.

செக்: உங்கட சொந்தச் செக்கைக் குடுத்தா, காசு மாறி வரும் வரைக்கும் வண்டியைத் தர மாட்டாங்கள். அதில குறை சொல்ல ஏலாது, திரும்பி வந்த செக்கால பட்ட கடைகள் எத்தினை. இப்ப செக்கின்ர படம்தான் கொழும்புக்குப் போறது, அதால அநேகமா அடுத்த வேலை நாள் காசு ஏறிடும். பாங்கே தாற பே ஓடர் எண்டா கடைக்காரன் தயங்க மாட்டான்.

கார்ட்: எடுக்கிற இடமும் இருக்கு, எடுக்காத இடமும் இருக்கு. "கார்ட் எண்டா மூண்டு வீதம் கூட" எண்டு கேட்டா ஒத்துக்கொள்ளாதேங்கோ. அந்தக் கட்டணம் கடைக்காரன்ர தலையில, வாடிக்கையாளரிட்ட அறவிடக் கூடாது. கார்ட் தந்த பாங்குக்கு அறிவிக்கலாம்.

கைக்காசு: எண்ணுற மெசினும் 5,000 ரூபாய் தாளைப் பாக்கிற லைற்றும் வைச்சிருப்பாங்கள். நீங்கள் கொண்டுபோற 3 லட்சத்து 20 வெறும் 64 தாள்தான். ஆனா விசுவமடுவிலயிருந்து பொக்கற்றில வைச்சுக்கொண்டு பஸ்ஸில வரத்தான் வேணுமோ?

நெத்தலி (முல்லைத்தீவு)

ஒரேயடியாப் பத்து லட்சம் போட்டா பொலிஸ் வரும் எண்டுறாங்கள், உண்மையோ?

வவுனியாக்காரி

பொலிஸ் வராது அண்ணை 😀 பத்து லட்சமோ அதுக்கு மேலயோ காசாப் போட்டா, எடுத்தா, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி நாங்கள் மத்திய வங்கியின்ர நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கோணும். அது வழமையான அறிக்கை, குற்றச்சாட்டு இல்லை. நேர்மையா உழைச்ச காசெண்டா நித்திரை கொள்ளலாம்.

பனங்காமத்தான்

எல்லாரும் எப்பிடிக் கட்டுறது எண்டுதான் கதைக்கிறியள். ஆற்ற பேரில கட்டுறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. நான் பட்டனான், கேளுங்கோ.

ஒரு ஏஜென்ற் கடையில புது வண்டிக்கு புக்கிங் போட்டன். விக்கிற பொடியன் நல்ல பழக்கம், தங்கச்சியின்ர கலியாணத்துக்கும் வந்தவன். "கடைக் கணக்கில போட்டா பதியப் பிந்தும் அண்ணை, என்ர கணக்கில போடுங்கோ, நான் உடன கட்டி ஒதுக்கி வைக்கிறன்" எண்டான். 2 லட்சம் போட்டன். ரிசீற் எண்டு ஒரு துண்டு தந்தவன், கடையின்ர சீலும் இருந்தது. ஒண்டரை மாசம் "கப்பல்ல நிக்குது, துறைமுகத்தில நிக்குது" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு நாள் போன் வேலை செய்யேல்ல.

கடைக்குப் போனா முதலாளி கணினியைப் பாத்திட்டு உங்கட பேரே இல்லை எண்டார். சீல் வைச்ச துண்டைக் காட்ட, அது கடையின்ர ரிசீற் கொப்பி இல்லை, வெளியில அடிச்சது எண்டார். பொலிஸில முறைப்பாடு போட்டு, அவன்ர மாமனை வைச்சுக் கதைச்சு, ஏழு மாசத்தில ஒரு லட்சத்து இருபது திரும்ப வந்தது. மிச்சம் போனது போனதுதான்.

கடைப் பேரைச் சொல்ல மாட்டன், முதலாளியில பிழை இல்லாமலும் இருக்கலாம். பிழை என்னில. பாங்கில போட்ட துண்டில கொம்பனிப் பேர் இருந்திருந்தா எனக்கு ஒரு கேள்வி கேக்க இடம் இருந்திருக்கும்.

முன்னாள்_விற்பனை

பனங்காமத்தான் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் நிண்ட கடையிலயும் ஒருத்தன் இப்பிடிச் செய்து பிடிபட்டவன். கொட்டேசனில கணக்கு இலக்கம் அச்சடிச்சிருக்கும். அந்தக் கணக்குக்கு மட்டும் போடுங்கோ. போடேக்க குறிப்பு எண்ட இடத்தில கொட்டேசன் இலக்கத்தையும் உங்கட அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுங்கோ. துண்டைக் கடையில குடுத்து, அதுக்குக் கணினி ரிசீற் வாங்குங்கோ. கையால எழுதினது எண்டா கொப்பியில கார்பன் பிரதி விழுதோ எண்டு பாருங்கோ. சின்ன விசயம், ஆனா அதில எல்லாம் கிடக்கு.

பழைய_எம்டி90 (புதுக்குடியிருப்பு)

உங்கட கதையளை வாசிச்சுக்கொண்டே இருந்தன். எனக்குச் சிரிப்பும் வருது, வேற என்னவோவும் வருது.

நான் முதல் வாங்கினது ஹொண்டா எம்டி 90. 2002 ஏப்ரலில ஏ9 பாதை திறந்த பிறகு. லீசிங் எண்ட சொல்லையே நாங்கள் கேள்விப்படேல்ல. பாதி காசு, பாதி மனிசியின்ர ரெண்டு காப்பு. வித்தவர் காப்பைத் தராசில வைச்சு நிறுத்தவர். கடுதாசி எண்டு ஒண்டும் இல்லை, ரெண்டு சாட்சி, ஒரு வெத்திலைத் தட்டம். அந்த வண்டியிலதான் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தினது, நெல் மூட்டை ஏத்தினது, கடைசியா இடம்பெயரேக்க முழுக் குடும்பமும் ஏறினது. 2009 இல மாத்தளனுக்கு அங்கால எங்கயோ மண்ணில விட்டிட்டு வந்தன். திறப்பு மட்டும் கனகாலம் பொக்கற்றில கிடந்தது.

மீளக்குடியேறி வந்து கூரைத்தகடு போட்டு முடியேல்ல, லீசிங்காரர் குடையும் மேசையும் போட்டுக்கொண்டு ரோட்டில நிண்டாங்கள். எங்கட காணி அரசாங்கம் பெர்மிட்டில தந்த காணி. உறுதி இல்லாததால பாங்கில ஈடு வைக்க ஏலாது. லீசிங்காரருக்கு உறுதி தேவையில்லை, வண்டியே அவங்களுக்கு ஈடு. சனம் அங்க போனது ஆசையில மட்டும் இல்லை தம்பி, வேற கதவு திறக்கேல்ல.

வட்டக்கச்சி_அக்கா

அண்ணை சொன்னது சரி. இதோட இன்னொண்டையும் சேருங்கோ. லீசிங்கில எடுத்தா வண்டியின்ர பதிவுப் புத்தகத்தில அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) எண்ட இடத்தில பைனான்ஸ் கொம்பனியின்ர பேர்தான் இருக்கும். கடைசித் தவணை கட்டி அவை விடுவிக்கிற கடிதம் தரும் வரைக்கும் உங்களுக்கு ஓடத்தான் உரிமை, விக்க ஏலாது.

என்ர தங்கச்சிக்கு நடந்தது. அவள் தனிய நிண்டு ரெண்டு பிள்ளையளை வளக்கிறாள், ஸ்கூட்டியிலதான் வேலைக்குப் போறவள். மூண்டு தவணை பிந்திப் போச்சு. ஒரு பின்னேரம் சந்தியில ரெண்டு பேர் மறிச்சு, திறப்பை வாங்கிக்கொண்டு போட்டாங்கள். சீஸ் பண்ணுற ஆக்களாம். கட்டின 19 மாசமும் பிரயோசனம் இல்லை எண்டு அவள் அழுதாள். பிறகு நாங்கள் சீட்டை முந்தி எடுத்து, பிந்தின தவணையும் கட்டி, "மீட்புச் செலவு" எண்டு அவங்கள் போட்டதையும் கட்டித்தான் எடுத்தது. கைப்பிடிக் கண்ணாடி உடைஞ்சு கிடந்தது, அதை ஆரிட்டக் கேக்கிறது.

அதனால நான் சொல்லுறது: சீட்டுக் கட்டுற ஆக்கள் சீட்டில எடுங்கோ. எங்கட ஊரில சீட்டு நடத்துற தாச்சி நல்ல மனிசி, பதினைஞ்சு பேர், மாசம் 20,000. முந்தி எடுக்கிறதுக்குக் கழிவு போகும், ஆனா அந்தக் கழிவு எங்களுக்குள்ளதான் திரும்பி வரும். கொம்பனிக்குப் போகாது.

கணக்கு_வாத்தி (மல்லாவி)

சீட்டில தாச்சி ஓடினால் என்ன செய்வீர் பிள்ளை? அதுக்கு மத்திய வங்கி இல்லை.

வட்டக்கச்சி_அக்கா

ஓடினா வீட்டு வாசல்ல போய் இருப்பம் சேர். பைனான்ஸ் கொம்பனியின்ர வாசல் கொழும்பில.

கணக்கு_வாத்தி (மல்லாவி)

அது சரிதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பைனான்ஸ் கொம்பனிக்கும் கேள்வி கேட்க இடம் இருக்கு. மத்திய வங்கியின்ர அனுமதி உள்ள கொம்பனிகளின் பட்டியலை அவர்களின் இணையத்தளத்தில பார்க்கலாம். முறைப்பாட்டுக்கு 1935 என்ற இலக்கம். கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கிளிநொச்சியிலேயே மத்திய வங்கியின் அலுவலகம் இருக்கு. கனபேருக்கு அந்தக் கட்டடம் எதுக்கு என்றே தெரியாது, காசு அடிக்கிற இடம் என்று நினைச்சுக்கொண்டு கடந்து போகினம்.

பிரதேச_செயலகப்_பேய்

நான் அரச உத்தியோகம். எங்களுக்கு இடர் கடன் இருக்கு, 4.2 வீத வட்டி, சம்பளத்தில வெட்டுவினம். அதை எடுத்து முற்பணத்துக்கும் மேலா கட்டினன். அரச வேலையில உள்ள ஆக்கள் அதை விட்டிட்டு நேர லீசிங்குக்குப் போறது ஏனெண்டு தெரியாது. ஓம், கடுதாசி அலுவல் கொஞ்சம் இழுபடும்.

இன்னொண்டு. வண்டி பதியிறதுக்கு இப்ப ரின் இலக்கம், அதான் வரி இலக்கம், கேக்கினம். வரி கட்டுற ஆக்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில காசில்லாமல் எடுக்கலாம். சோறூம்காரர் எடுத்துத் தாறன் எண்டு 2,000, 3,000 வாங்கினம். குளக்கட்டான், உங்கட 12,000 "ஆவணச் செலவு"க்குள்ள இதுவும் கிடக்கும் எண்டு நினைக்கிறன். உடைச்சு எழுதச் சொல்லுங்கோ.

சுவிஸ்_தம்பி

வவுனியாக்காரி அக்கா, உண்டியல் விசயம் பிழையாச் சொல்லிப்போட்டன், மன்னியுங்கோ. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் அனுப்பினவை, பழக்கத்தில வந்திட்டுது.

வவுனியாக்காரி

பரவாயில்லை தம்பி. ஒரு காலத்தில பாங்கே இல்லாத இடத்துக்கு அது மட்டும்தான் வழி. இப்ப சந்திக்குச் சந்தி பாங் இருக்கு.

அக்கராயன்_பொடியன்

எனக்கொரு சந்தேகம். துண்டுக்கு லீசிங் போட்டிட்டு, அடுத்த மாசமே முழுக்கக் கட்டி முடிச்சா? வண்டியும் கெதியா வரும், வட்டியும் மிச்சம்.

முன்னாள்_விற்பனை

கெட்டிக்காரன்! கனபேர் யோசிக்கிறது. ஆனா அவங்கள் உம்மை விடக் கெட்டிக்காரர். முந்தி முடிச்சா அதுக்கு ஒரு கட்டணம், பதிஞ்ச செலவு, ஒரு வருச புல் இன்சூரன்ஸ், அப்சலூட் ஓனரை மாத்திற அலைச்சல், எல்லாம் உம்மட தலையில. ஒப்பந்தத்தில முந்தி முடிக்கிறது பற்றி என்ன எழுதியிருக்கு எண்டு கையெழுத்து வைக்க முதல் வாசியும். சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ இருந்தா தமிழ்ப் பிரதி கேளும். வெறும் படிவத்தில மட்டும் கையெழுத்து வையாதேயும். "நிரப்பிப் போடுறம்" எண்டு சொல்லித்தான் வாங்குவாங்கள்.

நெத்தலி (முல்லைத்தீவு)

நான் ஒரு கணக்குப் போட்டனான். 2025 காலபோகத்துக்கு அரசாங்கம் 'நாடு' எண்ட இன நெல்லுக்கு வைச்ச விலை கிலோ 120. இந்த வண்டி அப்ப 5,700 கிலோ நெல். குளக்கட்டான், அவ்வளவு நெல்லையும் ஏத்திக்கொண்டு போய் சோறூம் வாசல்ல கொட்டுங்கோ. இது என்ன பேமென்ற் எண்டு கேக்கட்டும்.

குளக்கட்டான்

நெத்தலி அண்ணை, அந்த விலைக்கு வாங்க ஆள் வந்தாத்தானே கொட்டிறதுக்கு. களத்தில வைச்சு யாவாரி கேட்ட விலைக்குத்தான் குடுத்தது.

குளக்கட்டான்

உறவுகளே, பதினொரு நாள் கழிச்சு வாறன். வண்டி எடுத்தாச்சு.

கிளிநொச்சிக் கடையை விட்டிட்டன். வவுனியாவில கொம்பனிக் கிளையில கேட்டா அதே மொடல் 6 லட்சத்து 79 ஆயிரம், முழுக்காசுக்கு ஒரு கிழமை எண்டவை. கிளிநொச்சிக்காரனுக்கு இதைப் போன் பண்ணிச் சொன்னன். "அண்ணை, எங்களிட்டயும் ஒண்டு வந்து நிக்குது, முழுக்காசுக்கே தரலாம்" எண்டான். ரெண்டு மாசம் ரெண்டு நிமிசமாப் போச்சு. நெத்தலி அண்ணை சொன்னது மாதிரி ஏலம்தான். நான் வவுனியாவுக்கே போனன், ஒரு வீம்புதான்.

அண்ணையின்ர காசு என்ர கணக்குக்கு வந்தது. நெல்லுக் காசையும் அதே கணக்கில போட்டன். மிச்சத்துக்குச் சங்கிலியை அரச வங்கியில அடகு வைச்சன். அங்க வட்டி வீதத்தைப் பலகையில எழுதிப் போட்டிருந்தவை. வாத்தியார் சொன்ன மாதிரி மொத்தம் எவ்வளவு போகும் எண்டு கேட்டன், சிறுபோகம் வெட்டி எடுக்கிறதா வைச்சுப் பாத்தா லீசிங் வட்டியில கால்வாசியும் வராது. மனிசி ஒண்டும் சொல்லேல்ல. கழுத்தைத் தடவிப் பாத்தாள், அவ்வளவுதான். கல்மடுக்குளத்தில தண்ணி காணும் எண்டா ஆவணியில மீட்டிடுவன்.

பிறகு கிளைக்கே போய் வண்டிக் கொம்பனியின்ர கணக்குக்கு ஒரே தரத்தில போட்டன். குறிப்பில கொட்டேசன் இலக்கம் எழுதினன். கிளிநொச்சியில கேட்ட அந்த 12,000 "ஆவணச் செலவு" எண்ட பேச்சே அங்க வரேல்ல, பதிவுக் கட்டணமும் இன்னும் ஏதோ 3,500உம்தான். ரின் இலக்கம் மகள் போனில எடுத்துத் தந்தவள்.

வரேக்க முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சன், கச்சானும் வாங்கினன். நம்பர் தகடு இன்னும் வரேல்ல, கடுதாசியைப் பொலித்தீனில சுத்தி சீற்றுக்குக் கீழ வைச்சிருக்கிறன். முதல் சேர்விஸ் 500 கிலோமீற்றரில எண்டவை. அதை வவுனியாவிலதான் செய்யோணுமோ, கிளிநொச்சிக்காரனிட்டக் குடுத்தாலும் இலவசமாச் செய்வானோ?

முன்னாள்_விற்பனை

செய்வான். கூப்பன் கொப்பியைக் கொண்டு போங்கோ. முகத்தை மட்டும் பாக்காதேங்கோ.